ஹூப்பை அளந்து பையை வெட்டுங்கள்

எம்பிராய்டரி சாமான் வைக்கப் பை தைக்கலாம் என்று உட்கார்ந்தால் முதலில் கை போவது துணி அலமாரிக்குத்தான். கலம்காரி பிட்டா, சுங்குடியா, பழைய பட்டுப் பாவாடையா என்று பார்ப்பதிலேயே ஒரு மத்தியானம் போய்விடும். துணியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் மேஜைக்கு வர வேண்டியவை உள்ளே போகப்போகிற ஹூப் (துணியை இறுக்கிப் பிடிக்கும் வட்டச் சட்டம்), கத்தரி, நூல், ஊசி டப்பா.

ஏனென்றால் இந்தச் சாமான்கள் ஒன்றுக்கொன்று ஆகாதவை. ஊசி குத்தும். கத்தரியின் நுனி கீழ்த் துணியைத் துளைக்கும். ஹூப்பின் திருகு நூலில் மாட்டும். ஜிப் எதைக் கண்டாலும் கவ்வும். இவற்றை ஒன்றையொன்று தொடாமல் பிரித்து வைப்பதுதான் பையின் வேலை. கடையில் வாங்கும் அழகான பைகளில் பாதி இங்கேதான் தோற்கின்றன. வெளியே குஞ்சம், மணி, கண்ணாடி எல்லாம் இருக்கும். உள்ளே ஒரே பொந்து.

அளவெடுப்பது சுலபம். ஒரு செய்தித்தாளில் ஹூப்பைப் படுக்க வைத்து, திருகையும் சேர்த்துச் சுற்றிலும் பேனாவால் கோடு போடுங்கள். 8 இன்ச் என்று விற்கிற ஹூப்பின் வெளிவிளிம்பு எட்டரை வரை வரும். திருகு இன்னும் முக்கால் இன்ச் துருத்திக்கொண்டு நிற்கும். ஆக அந்த ஹூப் பைக்குள் எடுக்கும் இடம் ஒன்பதேகால் இன்ச். ஒன்பது இன்ச் பை தைத்துவிட்டு ஹூப்பைக் கோணலாக நுழைத்து எடுக்கிறவர்கள் நிறையப் பேர். வெளியே எடுக்கும் ஒவ்வொரு தடவையும் திருகு லைனிங்கை இழுக்கும். லைனிங் அதிகநாள் தாங்காது. ஹூப்பின் முழு அளவோடு குறைந்தது ஒன்றரை இன்ச் கூட்டுங்கள். துணி மாட்டியபடியே ஹூப்பை வைப்பதானால் 2 இன்ச் வேண்டும். ஹூப்பைச் சுற்றித் தொங்கும் துணியை மடித்துத் திணிக்க இடம் வேண்டாமா.

ஆர்டர் எடுத்துத் தைப்பவர்கள் "மீடியம் சைஸ்" என்று வருகிற மெசேஜை நம்பி வெட்டக் கூடாது. ஹூப், கத்தரி, நூல் டப்பா மூன்றையும் பக்கத்தில் இன்ச் டேப்பை விரித்து வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இடது கைப் பழக்கமா என்றும் கேளுங்கள். கத்தரிப் பாக்கெட் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

இனி துணி மாட்டாத 8 இன்ச் ஹூப்புக்கான கணக்கு. முடிந்த பை முன்பக்கம் 11 இன்ச் அகலம், 11 இன்ச் உயரம், அடியில் 3 இன்ச் கனம். கனம் வருவதற்குத் துணியின் கீழ் மூலை இரண்டிலும் சதுரம் வெட்டி எடுக்கிறோம். வேண்டிய கனத்தில் பாதிதான் அந்தச் சதுரத்தின் அளவு. 3 இன்ச் கனத்துக்கு ஒன்றரை இன்ச் சதுரம். பக்கத் தையலுக்கும் அடித் தையலுக்கும் அரை இன்ச் விடுகிறோம். அகலம் 11, இரு பக்கமும் சதுரத்துக்கு 3, தையலுக்கு 1, மொத்தம் 15 இன்ச். உயரம் 11, சதுரத்துக்கு ஒன்றரை, அடித் தையலுக்கு அரை, மேலே ஜிப் தையலுக்குக் கால், மொத்தம் 13¼ இன்ச். 15க்கு 13¼ அளவில் வெளித்துணியில் 2, லைனிங்கில் 2. பெரிய ஹூப் என்றால் இந்தக் கணக்கில் 11 என்ற எண்ணை மட்டும் மாற்றுங்கள், கூட்டல்களெல்லாம் அப்படியே.

44 இன்ச் பன்னா (அகலம்) துணி என்றால் வெளித்துணி அரை மீட்டர் போதும். கைப்பிடிக்கும் ஜிப் நுனிக்கும் அதிலேயே மிஞ்சும். லைனிங் முக்கால் மீட்டர் வாங்குங்கள். உள் பாக்கெட்டுக்காக 15க்கு 13 இன்ச்சில் இன்னும் 2 துண்டு வெட்ட வேண்டும்.

அளவில் சந்தேகம் இருந்தால் நல்ல துணியில் கத்தரி வைக்காதீர்கள். எந்த வீட்டிலும் கல்யாண மஞ்சப்பை நாலைந்தாவது மடித்து வைத்திருப்பார்கள். இரண்டைப் பிரித்து இதே அளவில் ஒரு மாதிரிப் பை அடித்துப் பாருங்கள், 10 நிமிஷ வேலை. மஞ்சப்பைத் துணியை நிஜப் பைக்குள் லைனிங்காகப் போட்டுவிட வேண்டாம். ஈரம் பட்டால் அந்த மஞ்சள் உள்ளே இருக்கும் வெள்ளைத் துணிக்கு ஏறும்.

சாயம் போகும் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பையில் இருக்கப்போவது பல நாள் உட்கார்ந்து போட்ட வேலை, அதுவும் பெரும்பாலும் வெள்ளை அல்லது வெளிர் துணியில். சிவப்புக் கலம்காரி, கருநீல பிளாக் பிரிண்ட், அரக்கு சுங்குடி எல்லாம் அழகுதான், வெளியே இருக்கட்டும். உள்ளே போடும் எந்தத் துணியையும் முதலில் சோதியுங்கள். ஒரு மூலையை நனைத்து, மேலே வெள்ளைக் கைக்குட்டையை வைத்து, நல்ல சூட்டில் இஸ்திரிப் பெட்டியை அழுத்துங்கள். கைக்குட்டையில் லேசாக நிறம் ஏறினால்கூட அந்தத் துணி லைனிங்குக்கு ஆகாது. ரவிக்கை லைனிங்குக்கு வாங்கும் 2 பை 2 துணியில் அடர் நிறங்கள் இந்தச் சோதனையில் அடிக்கடி தோற்கும். என்னைக் கேட்டால் லைனிங்குக்குப் பழைய பருத்தி வேட்டிக்கு மிஞ்சியது கிடையாது. பல தடவை துவைத்துச் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்திருக்கும், சாயமே இல்லை, நூல் சிக்காத அளவுக்கு வழவழப்பு. மெல்லியது என்பதுதான் குறை. இரட்டையாகப் போட்டால் தீர்ந்தது. கருப்பு லைனிங் வேண்டவே வேண்டாம். கீழே விழுந்த ஊசியைக் கண்ணால் பார்க்க முடியாமல் விரலால் தேட வேண்டிவரும்.

வெளித்துணி எடுப்பாக நிற்க வேண்டும். கேன்வாஸ், கெட்டிக் காடா, டெனிம், கரூரிலிருந்து வரும் மெத்தை உறை, திரைச்சீலைத் துணி எல்லாம் சரி. ஈரோட்டுச் சந்தையிலோ சென்னை கோடவுன் தெருவிலோ தேடினால் அரை மீட்டர், ஒரு மீட்டர் பிட்டுகளாகவே கிடைக்கும். முழுத் தானிலிருந்து வெட்டச் சொல்ல வேண்டியதில்லை. காடாத் துணியை வாங்கிய கையோடு வெட்டாதீர்கள். அது மில்லிலிருந்து கஞ்சியோடு வருவது. வெந்நீரில் ஊறப்போட்டு அலசிக் காயவைத்தால் மீட்டருக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல்கூடச் சுருங்கும். அப்படியே தைத்தால் முதல் துவையலில் வெளித்துணி சுருங்க, உள்ளே லைனிங் தொளதொளவென்று கிடக்கும்.

பவானி ஜமக்காளத்தில் பை கேட்பவர்களும் உண்டு. பார்க்க அருமையாக இருக்கும், தைக்கிறவருக்குத்தான் பாடு. வெட்டிய நிமிஷமே ஊடை (குறுக்கு நூல்) பிரியத் தொடங்கும். வெட்டப்போகிற கோட்டுக்கு இருபுறமும் முதலில் நெருக்கமாக இரண்டு வரி தையல் போட்டு, அதற்கு நடுவில் வெட்ட வேண்டும். மூலைச் சதுரம் மடியும் இடத்தில் அந்தக் கனத்தை வீட்டு மிஷின் ஏறாது. ஜமக்காளத்தை முன்பக்கத்தில் ஒரு பட்டையாகவோ அடிப்பக்கமாகவோ மட்டும் வைத்து, மீதியைக் கேன்வாஸில் தைப்பது நல்லது.

மெல்லிய துணிதான் பிடித்திருக்கிறது என்றால் உள்ளே ஒட்டு கேன்வாஸ் வைத்து இஸ்திரி போடலாம், அல்லது 2 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட் வைக்கலாம். ஃபோமைத் துணி அளவுக்கே வெட்டிவிடுவது பலரும் செய்கிற தவறு. நாலு பக்கமும் அரை இன்ச் குறைத்து வெட்டுங்கள். தையலுக்குள் ஃபோம் போகக் கூடாது. போனால் மூலையில் நாலு அடுக்கு ஃபோம் சேர்ந்து ஊசி தையலைத் தாண்டித் தாண்டி விடும், பையைத் திருப்பும்போது மூலை மொத்தையாக நிற்கும்.

மிஷினில் 16ஆம் நம்பர் ஊசி போடுங்கள். ஃபோமும் கேன்வாஸும் சேர்ந்தால் 18. தையல் நீளம் 3 மில்லிமீட்டர். நூல் பாலியஸ்டர். பருத்தி நூல் இந்த இழுப்புக்கு நாளாவட்டத்தில் அறும்.

அடுத்தது உள் பாக்கெட். 15க்கு 13 துண்டை நீளவாக்கில் பாதியாக மடித்தால் ஆறரை இன்ச் உயரப் பாக்கெட் வரும், மடிப்பு மேலே. இதை லைனிங் துண்டின் அடி ஓரத்தோடு சேர்த்து வைத்துத் தைப்பதுதான் வழக்கமாக நடக்கிற பிசகு. லைனிங்கின் கீழ் 2 இன்ச் பையின் அடிப்பக்கமாக மடியப்போகிறது. சதுரத்துக்கு ஒன்றரை, தையலுக்கு அரை. பாக்கெட்டை ஓரத்தில் வைத்தால் அதில் 2 இன்ச் தரையோடு படுத்துவிடும், கத்தரி நிற்காமல் சாயும். அதனால் லைனிங் துண்டில் அடியிலிருந்து 2 இன்ச் உயரத்தில் ஒரு கோடு போட்டு, பாக்கெட்டின் கீழ் ஓரத்தை அரை இன்ச் உள்ளே மடித்து, அந்தக் கோட்டின்மேல் வைத்து இரட்டைத் தையல் அடியுங்கள். பக்கவாட்டிலும் அதே கணக்கு. பாக்கெட்டை அறைகளாகப் பிரிப்பது தடுப்புத் தையல். இரு ஓரத்திலிருந்தும் 2 இன்ச் தள்ளித்தான் முதல் தடுப்புத் தையல், கடைசித் தடுப்புத் தையல் வர வேண்டும். நடுவில் நிற்கும் 11 இன்ச்சில் கத்தரிக்கு இரண்டரை, துணியில் வரையும் பேனாவுக்கு 1, நூலுக்கு மூன்றே முக்கால் வீதம் இரண்டு. ஒவ்வொரு தடுப்புத் தையலும் பாக்கெட்டின் மேல் விளிம்பில் முடிகிற இடத்தில் மூன்று தடவை முன்னும் பின்னும் கெட்டித் தையல் போடுங்கள். பை கிழிந்தால் முதலில் கிழிவது அந்த இடம்தான்.

ஆங்கர், டிஎம்சி கம்பெனி எம்பிராய்டரி நூல்கண்டு ஒவ்வொன்றும் 8 மீட்டர், 6 இழை. கண்டாகவே பைக்குள் போட்டால் இரண்டே நாளில் சிக்கிவிடும். அட்டையில் சுற்றி நிற எண்ணை எழுதி வைக்க வேண்டும். சுற்றிய அட்டைகள் வரிசையாக நிற்கக் கனம் தேவை. தட்டையான பாக்கெட்டில் பத்து அட்டை போட்டால் பாக்கெட் பிதுங்கி வாய் மூடிக்கொள்ளும். நூல் நிறைய வைப்பவர்களுக்கு அந்தப் பாக்கெட் துண்டை மட்டும் 15க்குப் பதில் 17 இன்ச் வெட்டி, நூல் அறை ஒவ்வொன்றிலும் 1 இன்ச் மடிப்பு எடுத்துக் கீழே தைத்துவிட்டால் அறை வயிறு விரிந்து நிற்கும்.

ஊசிக்கு ஃபெல்ட் துணி 4க்கு 6 இன்ச்சில் இரண்டு இலை. ஒரு ஓரத்தை மட்டும் லைனிங்கோடு பிடித்துத் தையுங்கள், புத்தகப் பக்கம் போலப் புரள வேண்டும். ஊசியை ஒரே குத்தாகக் குத்தி வைத்தால் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு தடவை உள்ளே வெளியே ஓட்டி நுனியை ஃபெல்ட்டுக்குள்ளேயே முடிக்க வேண்டும். கடலோர ஊர்களில் ஊசி துருப்பிடிப்பது பெரிய தொல்லை. மருந்து பாட்டிலிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை அந்தப் பக்கம் போட்டு வையுங்கள். வேலைத் துணியிலேயே ஊசியைக் குத்திவிட்டுப் பையை மூடக் கூடாது. துருக்கறை துணியில் ஏறினால் போக்குவது பெரும்பாடு.

பையை மூடக் காந்தப் பட்டன் வைக்கலாமே என்பார்கள். கைப்பைக்குச் சரி. இங்கே ஊசிகளெல்லாம் போய் அந்தப் பட்டனில் ஒட்டிக்கொள்ளும், திறக்கப் போகிற விரலில் குத்தும். வெல்க்ரோ அதைவிட மோசம். அதன் கொக்கிப் பக்கம் நூலையும் நெட் துணியையும் பிய்த்து எடுத்துவிடும். ஜிப்தான் நல்லது, அதுவும் 5ஆம் நம்பர் நைலான் ஜிப். 3ஆம் நம்பர் இந்த அளவுப் பைக்கு மெலிசு. உலோகப் பல் ஜிப் பார்க்க எடுப்பாக இருந்தாலும் நூலை அறுக்கும்.

மீட்டர் கணக்கில் ரோல் ஜிப் வாங்கி, ரன்னர் (ஜிப்பைத் திறந்து மூட இழுக்கும் துண்டு) தனியாகக் கோத்துக்கொள்ளுங்கள். 13 இன்ச் ஜிப் வெட்டி, இரு முனையிலும் வெளித்துணியில் நுனி கட்ட வேண்டும். ஜிப்பின் அகலத்துக்கு ஒன்றரை இன்ச் நீளத்தில் 4 துண்டு. ஜிப் முனையின் மேலே ஒன்று கீழே ஒன்று வைத்து, கால் இன்ச் விட்டுத் தைத்து வெளிப்பக்கமாக மடித்தால் ஒவ்வொரு முனையிலும் ஒன்றேகால் இன்ச் துணி நீளும். மொத்தம் சரியாக 15. இந்த நுனித் துண்டு அலங்காரத்துக்காக வைப்பதில்லை. ஜிப்பின் பல் பக்கத் தையலுக்குள் போனால் மிஷின் ஊசி முறியும், திருப்பியபின் பையின் மேல் மூலை இரண்டும் உள்ளே சுருண்டு கிடக்கும். விலை கொடுத்து வாங்கிய பையில்கூட இந்தச் சுருட்டலைப் பார்க்கலாம்.

வெளித்துணியை நல்ல பக்கம் மேலே தெரிய விரித்து, அதன்மேல் ஜிப்பைக் குப்புற வைத்து, அதற்கு மேல் லைனிங்கை நல்ல பக்கம் கீழே இருக்க வைத்து, மூன்றையும் சேர்த்துக் கால் இன்ச்சில் தையுங்கள். மிஷினில் ஜிப் ஃபுட் (ஜிப் தைப்பதற்கான அழுத்துப் பாதம்) போட்டுக்கொள்வது நல்லது. ரன்னர் வரும் இடத்தில் ஊசியைத் துணிக்குள் இறக்கிவிட்டு, ஃபுட்டைத் தூக்கி, ரன்னரைப் பின்னால் தள்ளிவிட்டுத் தொடருங்கள். ரன்னரைச் சுற்றி வளைத்துத் தைத்தால் அந்த வளைவு வெளியே அப்படியே தெரியும். மறுபக்கமும் இதே மாதிரி. பிறகு துணிகளை விரித்து இஸ்திரி போட்டு, ஜிப் ஓரத்தில் மேல் தையல் ஒன்று. இந்தத் தையலைத் தவிர்க்கவே கூடாது. இது இல்லையென்றால் லைனிங் மேலே எழும்பி ரன்னரில் மாட்டும். பையைத் திறக்கும்போதெல்லாம் துணி சிக்குகிறது என்றால் அநேகமாகக் காரணம் இதுதான்.

ஜிப்பைப் பாதி திறந்து வைத்துவிட்டு அடுத்த தையலுக்குப் போங்கள். மூடியபடியே சுற்றிலும் அடித்துவிட்டால் பையைத் திருப்ப வழியில்லை, பிரிக்க வேண்டியதுதான். வெளித்துணிகள் இரண்டையும் நல்ல பக்கம் சேர, லைனிங்குகள் இரண்டையும் நல்ல பக்கம் சேர வைத்து, ஜிப்பின் பல் லைனிங் பக்கம் சாய்ந்திருக்கக் கிளிப் போடுங்கள். கைப்பிடிக்கு 4க்கு 14 இன்ச் பட்டியை நாலாக மடித்துத் தைத்தது இடப்பக்கம், ஜிப்புக்கு ஒன்றரை இன்ச் கீழே, வெளித்துணிகளுக்கு நடுவே வளையமாக உட்காரட்டும். பக்கங்களையும் அடிகளையும் அரை இன்ச்சில் தையுங்கள். லைனிங்கின் பக்கங்களை மட்டும் அரைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தால் உள்ளே தொங்காது. லைனிங்கின் அடியில் 5 இன்ச் தைக்காமல் விடுங்கள். 3 இன்ச் விட்டு மிச்சம் பிடிக்கிறவர்கள் ஃபோம் வைத்த பையை அந்தப் பொந்து வழியாகத் திருப்பும்போது தையலைப் பிய்த்துவிடுவார்கள்.

மூலைச் சதுரங்கள் நாலும் இன்னும் திறந்தே இருக்கும். ஒவ்வொன்றையும் பக்கத் தையலும் அடித் தையலும் நேருக்கு நேர் சேரும்படி இழுத்துப் பிடித்துத் தட்டையாக்கி, குறுக்கே அரை இன்ச்சில் தையுங்கள். இரண்டு தையலின் உபரித் துணியையும் எதிரெதிர்ப் பக்கம் சாய்த்தால் கனம் ஒரே இடத்தில் சேராது. பையைத் திருப்பி, பொந்தைக் கையாலோ மிஷினாலோ மூடினால் முடிந்தது.

குரோஷா, பின்னல் வேலைக்கு இதே பையைத் தைத்துக் கொடுக்காதீர்கள். உல்லன் கண்டு உருளும், நூல் பையிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்க வேண்டும், ஜிப் அதைக் கவ்வும். அதற்குச் சுருக்குப் பைதான். 10 இன்ச் அகலப் பைக்கு நாடா இரண்டு, ஒவ்வொன்றும் 30 இன்ச். ஒன்றை இடப்பக்கமிருந்தும் மற்றதை வலப்பக்கமிருந்தும் கோத்து முடிச்சுப் போட்டால் இரு பக்கம் இழுக்க வாய் இறுகும். நாடா ஓடும் பாதை 1 இன்ச் அகலம் இருக்கட்டும். அரை இன்ச் பாதையில் 5 மில்லிமீட்டர் நாடா இறுகிப்போய் நகராது. நூல் வெளியே வர உலோகக் கண்ணி அடித்துக் கேட்பார்கள். அடித்தால் உள் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். மறுபக்கம் பிளந்து மடங்கிய தகட்டின் கூர் உல்லனைப் பிசிறாக்கும். அதைவிடப் பக்கத் தையலில் மேலிருந்து ஒன்றரை இன்ச் திறந்துவிட்டு ஓரம் மடித்து அடிப்பது நல்லது, பின்னலை முடிக்காமலே நூலை எடுத்துவிடலாம். உள்ளே பிசிறுத் தையல் எதுவும் தெரியக் கூடாது. ஓவர்லாக் போட்ட ஓரம்கூட உல்லனைப் பிடித்து இழுக்கும். லைனிங் வைத்தே தையுங்கள்.

ஆரி வேலைக்காரர்களின் சாமான் வேறு மாதிரி. பெரிய சட்டம் பைக்குள் வராது. ஊசி, ஜரி, மணி, சமிக்கி, குந்தன் கல் இவைதான் வரும். ஆரி ஊசியின் கொக்கி ஃபெல்ட்டில் குத்தினால் இழையை இழுத்துக்கொண்டே வெளியே வரும். அதற்கு மூடியோடு கூடிய சிறு குழாய் ஒன்று, அது நிற்க 1 இன்ச் பாக்கெட். மணிகளுக்குத் துணி அறை வேண்டாம், தையல் ஓரத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவை அளந்து, அந்த டப்பாவுக்கு ஒரு பாக்கெட் தையுங்கள். ஜரிக் கண்டில் ரப்பர் பேண்ட் போடக் கூடாது. ரப்பரில் உள்ள கந்தகம் ஜரியைக் கறுக்க வைக்கும். பட்டர் பேப்பரிலோ வேட்டித் துணியிலோ சுற்றி வைத்தால் போதும்.

முன்பக்கம் உள்ளே தெரிகிற மாதிரிக் கண்ணாடி பிளாஸ்டிக் கேட்பவர்களுக்கு 0.3 மில்லிமீட்டர் ஷீட் வாங்குங்கள். குண்டூசி குத்தினால் ஓட்டை அப்படியே நிற்கும், கிளிப்தான் வழி. தையல் நீளத்தை நாலாக்குங்கள். நெருக்கமாகத் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். ஃபுட் ஒட்டிக்கொண்டு நகராவிட்டால் மேலே பட்டர் பேப்பர் ஒரு கீற்று வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள். இந்தப் பையில் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது. வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள்ளும் வைக்க வேண்டாம், பிளாஸ்டிக் இளகி உள்ளே இருக்கும் பிரிண்ட்டில் ஒட்டும்.

துவைப்பதற்கு முன் ஃபெல்ட் இலைகளைத் தடவிப் பார்த்து ஊசிகளை எடுத்துவிடுங்கள். குளிர்ந்த நீர், கை அலசல், ஃபோம் இருந்தால் பிழிய வேண்டாம். ஜிப்பை முழுக்கத் திறந்து, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி நிழலில் கொடியில் போட்டால் ஃபோம் வைத்த பை முழுதாகக் காய இரண்டு நாள் ஆகும். அதற்குள் நூலை உள்ளே வைக்காதீர்கள்.